கணவாய்க் காற்றில் இரண்டு சக்கரம்

(நாகர்கோவிலில் இருசக்கர வாகன மெக்கானிக்குகளும் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மோட்டார் சைக்கிள் ஏன் ஆடுகிறது? இதுதான் இன்றைய பேச்சு. இதை எந்த ஊரிலும் பேசலாம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயை வாசலாகக் கொண்ட நமக்குத்தான் இதைப் பேசவேண்டிய கட்டாயம் அதிகம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். மறுநாள் செய்தித்தாளில் ‘பைக் நிலைதடுமாறிக் கவிழ்ந்தது’ என்று ஒரு வரி வரும். அதோடு விஷயம் முடிந்துவிடும். எதனால் தடுமாறியது என்று யாரும் கேட்பதில்லை. போனவனின் விதி என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். ‘வேகமாப் போயிருப்பான்’ என்று ஊரார் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வண்டி தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. காற்று, சுமை, தேய்மானம், வேகம் ஆகிய நான்கும் கூடும்போதுதான் பெரும்பாலும் இந்த ஆட்டம் பிறக்கிறது. நான்கில் காற்று ஒன்றைத்தான் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற மூன்றும் புறப்படும் முன்பே நம் கையில் இருப்பவை. நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் வாசலும் அதில் வரும் காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியும் இடத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. வடக்கே மகேந்திரகிரி பக்கத்து மலைகள், தெற்கே காற்றாடிமலையும் அதைச் சேர்ந்த குன்றுகளும். நடுவில் ஆரல்வாய்மொழி. 1809இல் ஆங்கிலேயப் படை இந்த வாயிலின் அரணை உடைத்துத்தான் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. தோவாளைப் பூவும் நாஞ்சில் நாட்டு நெல்லும் வாழைத்தாரும் கிழக்கே போன வழி இதுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் இதுவே வழி. அரபிக்கடலிலிருந்து வரும் காற்றை மலைச்சுவர் தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று இந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் புகும்போது அதன் வேகம் கூடுகிறது. வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை, குறிப்பாக ஆனி ஆடியில், அதன் பலம் என்ன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாலக்காடு, செங்கோட்டை, கம்பம், ஆரல்வாய்மொழி என்று தமிழ்நாட்டுக்குக் காற்று கொடுக்கும் கணவாய்கள் சில உண்டு. நம் கணவாயின் காற்று முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்குக் காற்றாலைகளை நிறுவ வைத்திருக்கிறது. முப்பந்தலிலிருந்து பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வரை காற்றாடிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறோம். அத்தனை கோடி ரூபாயை ஒருவர் ஓர் இடத்தில் கொட்டுகிறார் என்றால் அங்கே காற்று தவறாது என்று அளந்து பார்த்த பிறகுதான் கொட்டுகிறார். அதே காற்றின் நடுவில்தான் நம் பிள்ளைகள் 110 கிலோ எடையுள்ள வண்டியில் போகிறார்கள்.

சாலையின் போக்கையும் கவனியுங்கள். நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு போகும்போது பருவக்காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கமாக வருகிறது. வண்டி லேசாக ஓடுவதுபோலத் தோன்றும். நமக்குத் தெரியாமலே வேகம் ஏறிவிடும். காவல்கிணற்றில் காஷ்மீரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் சாலை வடக்கு தெற்காகத் திரும்புகிறது. இதுவரை முதுகில் தள்ளிய காற்று இப்போது விலாவில் அறைகிறது. வள்ளியூர் நோக்கிப் போகிறவருக்கு இடது பக்கம். அது அவரைச் சாலையின் நடுப்பக்கமாக, பேருந்தும் லாரியும் முந்திப் போகும் தடத்துக்குத் தள்ளும். கன்னியாகுமரி நோக்கி வருகிறவருக்கு வலது பக்கம். அது அவரைத் தார் முடிந்து மண் தொடங்கும் ஓரத்துக்குத் தள்ளும். வடநாட்டிலிருந்து 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பை கட்டி, பின்னால் பெட்டி மாட்டி, குமரிமுனை பார்க்க வரும் இளைஞர்களுக்குப் பயணத்தின் கடைசி ஒரு மணி நேரம்தான் கடுமையான சோதனை. அவர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. நமக்குத் தெரியும்.

வண்டி தானே நிமிர்கிறது

நிற்கும் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டை எடுத்துவிட்டு விட்டால் விழுந்துவிடும். ஓடும் மோட்டார் சைக்கிள் விழுவதில்லை. ஓட்டுகிறவர் ஒவ்வொரு கணமும் சமன் செய்துகொண்டே இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதியை வண்டியே பார்த்துக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பும். சக்கரம் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதி, சாயும் பக்கமாக நகர்ந்து மேல்பகுதிக்குக் கீழே வந்து நிற்கும். வண்டி நிமிர்ந்துவிடும்.

இதன் கணக்கை 1899இலேயே கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த விப்பிள் என்பவர் சைக்கிளுக்கு எழுதிவிட்டார். சக்கரத்தின் சுழற்சிதான் முழுக் காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் யாராலும் ஓட்டமுடியாத ஒரு சைக்கிளைச் செய்தே தீருவது என்று இறங்கினார். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிச் சுழற்சியின் விளைவை இல்லாமல் ஆக்கினார். அப்படியும் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 1970இல் அதை அவர் வெளியிட்டார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், எந்த ஒரு காரணத்தை மட்டும் தனியே பிடித்துக்கொண்டும் இதை விளக்கிவிட முடியாது என்று காட்டினார்கள். முன்பக்க போர்க்கின் சாய்வு, எடை எங்கே இருக்கிறது என்பது, சக்கரத்தின் சுழற்சி எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்துகின்றன.

இதில் மெக்கானிக் நண்பர்கள் மனத்தில் வைக்கவேண்டிய ஓர் அளவு உண்டு. ஹேண்டில் தண்டின் சாய்வை அப்படியே கோடாக நீட்டினால் அது தரையை ஓரிடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். பெரும்பாலான சாலை வண்டிகளில் இது 80 முதல் 110 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கடைகளில் சாமான் தள்ளும் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் அச்சு, கம்பிக்குப் பின்னால் தள்ளி இருப்பதால்தான் நாம் தள்ளும் திசையில் தானே திரும்புகிறது. அதே சக்கரம் கொஞ்சம் தேய்ந்து லூஸானால், வேகமாகத் தள்ளும்போது படபடவென்று இடமும் வலமும் அடிக்கும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் இந்த இரண்டு குணமும் உண்டு. வண்டியை நேராக வைத்திருக்கும் அதே அமைப்பு, தேய்ந்துபோனால் நடுங்கவும் தொடங்கும்.

இரண்டு விதமான ஆட்டம்

1971இல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மோட்டார் சைக்கிளுக்கென்றே இந்தக் கணக்கைப் போட்டார். அவர் பிரித்துக் காட்டிய ஆட்டங்களில் இரண்டை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று வொபிள். ஹேண்டில் மட்டும் படபடக்கும். வினாடிக்கு 6 முதல் 10 முறை இடமும் வலமும் அடிக்கும். நம் வண்டிகளில் நடுத்தர வேகத்தில், பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது தலைகாட்டும். முற்றினால் ஹேண்டில் பெட்ரோல் டாங்கின் இரு பக்கமும் மாறி மாறி இடிக்கும். பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கும் இது நேர்ந்ததுண்டு. சுசுகி 1997இல் கொண்டுவந்த டி.எல். 1000 எஸ் வண்டியில் இந்தப் புகார் கிளம்பியதும், பிரிட்டனில் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஹேண்டிலின் வேகமான ஆட்டத்தை அடக்கும் டாம்பரைப் பொருத்திக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வீவ். இதில் ஹேண்டில் மட்டுமில்லாமல் வண்டி முழுவதுமே நெளியும். பின்பக்கம் ஒரு பக்கம் போக, முன்பக்கம் மறுபக்கம் போகும். வினாடிக்கு 2, 3 முறைதான். மெதுவாகத் தெரிந்தாலும் இதுதான் ஆபத்து கூடியது. வேகம் ஏற ஏற வண்டிக்கு இதை அடக்கும் திறன் குறைந்துகொண்டே போகிறது. தேய்ந்த வண்டியிலும் பின்னால் பாரம் ஏற்றிய வண்டியிலும் இது எதிர்பார்க்காத குறைந்த வேகத்திலேயே வந்துவிடும்.

ஏன் நம்மால் இதைக் கையால் அடக்க முடிவதில்லை? கண்ணும் உடம்பும் உணர்ந்து, கை வேலை செய்ய ஏறக்குறைய ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். வொபிளில் அதற்குள் ஹேண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து முடித்துவிடும். வீவில் நிலைமை இன்னும் மோசம். வண்டி ஒரு பக்கம் நெளிந்து முடிக்க எடுக்கும் நேரமும் நம் கை பதில் சொல்ல எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. இடப்பக்கம் போவதைத் திருத்த நினைத்து நாம் திருப்பும்போது வண்டி ஏற்கெனவே வலப்பக்கம் வரத் தொடங்கியிருக்கும். நம் திருத்தமே ஆட்டத்துக்குத் தீனியாகிவிடும். பயந்துபோய் ஹேண்டிலோடு மல்லுக்கட்டுகிறவர் விழுவதற்கு இதுவே காரணம். அவருக்குத் தைரியம் குறைவில்லை, பழக்கமும் குறைவில்லை. மனித உடம்பின் வேகத்தை மிஞ்சிய ஒன்றோடு அவர் போராடுகிறார்.

நம் வேகம் காற்றுக்கும் வேகம் கொடுக்கிறது

இப்போது காற்றுக்கு வருவோம். பக்கக் காற்றின் தள்ளுவிசை காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வேகத்தையும் பொறுத்தது அது. பக்கவாட்டுக் காற்றும், வண்டி ஓடுவதால் எதிரே வரும் காற்றும் சேர்ந்து சாய்வாக ஒரே காற்றாகத்தான் நம் மேல் மோதுகின்றன.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வண்டியும் ஆளும் சேர்ந்து பக்கவாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேர் பக்கவாட்டாகக் காற்று அடிக்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்தால் அந்தக் காற்று ஏழரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். வண்டி 40இல் ஓடினால் அதே காற்று பத்தரை கிலோ அளவுக்குத் தள்ளும். 60இல் பதின்மூன்றரை கிலோ. 80இல் 17 கிலோ. 100இல் 20 கிலோ. காற்று மாறவில்லை. மாறியது நாம் முறுக்கிய ஆக்சிலரேட்டர். நின்றபோது இருந்த தள்ளு 80இல் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

காற்று ஒரே சீராக அடித்தால்கூட 17 கிலோவைச் சமாளித்துவிடலாம். காற்று வரும் பக்கமாக வண்டியை நாலைந்து டிகிரி சாய்த்தபடி ஓட்டினால் போதும். அப்படித்தான் நாம் எல்லோரும் அறியாமலே ஓட்டுகிறோம். ஆபத்து காற்று விட்டு விட்டு அடிப்பதில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். ஒரு வீச்சு வந்து, நாம் உணர்ந்து, வண்டி சாய்ந்து பதில் சொல்வதற்குள் 30, 40 மீட்டர் கடந்துவிடுகிறோம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. காற்றுப் பக்கத்தில் ஒரு லாரியோ பேருந்தோ வரும்போது அது காற்றை மறைத்துவிடும். இதுவரை காற்றை நம்பிச் சாய்ந்திருந்த வண்டிக்குச் சட்டென்று சாய்மானம் இல்லாமல் போகும். வண்டி லாரிப் பக்கமாகவே இழுபடும். லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் முழுக் காற்றும் ஒரே அடியாக அறையும். கன்னியாகுமரி நோக்கி வரும்போது காற்று வலப்பக்கம், நம்மை முந்தும் லாரியும் வலப்பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கைகளை ஏற்றிவரும் நீளமான டிரெய்லர்களும் ஓடுகின்றன. அவற்றின் மறைவு அதிக நேரம் நீடிக்கும். பாலம் தொடங்கும் இடம், மரவரிசை முடியும் இடம், மேட்டை வெட்டிப் போட்ட சாலை வெட்டவெளிக்குள் திறக்கும் இடம் ஆகியவற்றிலும் இதுவேதான் நடக்கிறது.

பின்னால் ஏறும் பாரம்

நாஞ்சில் நாட்டில் மோட்டார் சைக்கிள் வெறும் போக்குவரத்து வாகனம் இல்லை, பிழைப்பு. விடியுமுன் தோவாளைச் சந்தையிலிருந்து பூமூட்டை ஏறும். சின்னமுட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏறும். வாழைத்தார் ஏறும், இலைக்கட்டு ஏறும். இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எங்கே, எப்படிக் கட்டுவது என்று சொல்லவேண்டிய கடமை உண்டு.

40 கிலோ எடையுள்ள மீன் பெட்டியின் நடுப்பகுதி பின்சக்கர அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1.3 மீட்டர். கணக்குப் போட்டால் முன்சக்கரத்தின் மேலிருந்த எடையில் 9 கிலோ குறைந்துவிடும். பின்சக்கரம் 49 கிலோ கூடுதலாகச் சுமக்கும். பிடிமானம் வேண்டிய முன்சக்கரம் லேசாகிறது. பின்பக்கம் கனத்து, நெளியத் தொடங்கினால் நிற்க மறுக்கிறது. வீவ் என்று சொன்னேனே, அதற்கு வழி திறந்துவிடுவது பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் எடைதான். அதே பெட்டியைச் சீட்டின் மேலேயே, முதுகை ஒட்டி, கொஞ்சம் தாழ்வாகக் கட்டினால் முன்சக்கரத்தின் எடை அநேகமாக அப்படியே இருக்கும்.

பூமூட்டைக்கு எடை குறைவு. ஆனால் அதன் பருமன் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. பக்கப்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடினால் தள்ளுவிசையும் அந்த அளவு கூடும். மூட்டை உயரத்தில் இருப்பதால் அது வண்டியைச் சாய்க்கும் வலுவும் கூடும். இறுக்கிக் கட்டாத மூட்டை, வண்டி ஒரு பக்கம் போகும்போது தான் ஒரு பக்கம் போகும். எடையைச் சக்கரங்களுக்கு நடுவில், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக, அசையாமல் கட்டுங்கள். பாரம் ஏற்றிய நாளில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருக்களித்து உட்காரும் தாய்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். அப்படி உட்காரும்போது உங்கள் எடை வண்டியின் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் விலகுகிறது. ஓட்டுபவர் அதை எப்போதும் வலப்பக்கம் சரிக்கட்டிக்கொண்டே போகிறார். அந்த நேரத்தில் கணவாய்க் காற்று அடித்தால் அவரிடம் மிச்சமிருக்கும் பிடிமானம் குறைவு. நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது.

மெக்கானிக் நண்பர்களுக்கு

உங்களிடம் வந்து ‘அண்ணாச்சி, வண்டி வெட்டுது’ என்று ஒருவர் சொன்னால், தயவு செய்து ஸ்டியரிங் டாம்பர் வாங்கிப் போடு என்று அனுப்பிவிடாதீர்கள். முதலில் பார்க்கவேண்டியவை ஐந்து.

முதலாவது டயர். காற்றின் அளவை வண்டிக் கையேட்டில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். காற்றுக் குறைந்த முன் டயர் ஹேண்டில் நடுக்கத்துக்குப் பழைய கூட்டாளி. பின் டயர் நடுவில் சப்பட்டையாகத் தேய்ந்திருந்தால் வண்டி நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. சாயும்போது அந்த விளிம்பில் ஏறி இறங்கித் திடுக்கிடச் செய்யும்.

இரண்டாவது கோன் செட், அதாவது ஹேண்டில் தண்டைத் தாங்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் என்று ஆட்டம் தெரிந்தால் லூஸ். பிறகு ஹேண்டிலை விரலால் மெல்லத் தொட்டு ஒரு பக்கம் விடுங்கள். தடையில்லாமல் விழவேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் சிக்கியதுபோல நின்றால் ரேஸில் குண்டுகள் குழி போட்டுவிட்டன. அதை டைட் செய்து சரிப்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். லூஸான கோன் செட் வொபிளைக் கொண்டுவரும். அளவுக்கு மீறி இறுக்கிய கோன் செட், சக்கரம் தானாகத் திரும்பி நிமிரவிடாமல் தடுத்து வண்டியை நெளிய வைக்கும்.

மூன்றாவது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். இது தேய்ந்தால் பின்சக்கரம் தனியே ஒரு பாதையில் போகும். நான்காவது வீல். பெண்டு, ஸ்போக் லூஸ், பேரிங். செயின் டைட் செய்யும்போது இரண்டு பக்கக் குறியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒரு பக்கம் ஒரு கோடு கூடினால் இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ஐந்தாவது ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்து ஓய்ந்துபோன ஷாக், ஆட்டத்தை விழுங்குவதற்குப் பதிலாகத் திருப்பிக் கொடுக்கும்.

விபத்தில் அடிபட்டு போர்க்கோ சேஸியோ வளைந்த வண்டியைக் கண்ணால் பார்த்து நேர்ப்படுத்திக் கொடுப்பது பெரிய பொறுப்பு. டிரெயில் சில மில்லிமீட்டர் மாறினாலே வண்டியின் குணம் மாறும். பெரிய ஹேண்டில், உயரமான கண்ணாடி, பின்பெட்டி என்று அழகுக்காக மாட்டுவதும் இப்படித்தான். மாட்டித் தரும்போது அதன் விளைவையும் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். இந்த ஐந்தையும் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். ஆனி பிறப்பதற்குள் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் தன்னிடம் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்தால், அது நீங்கள் இந்த ஊருக்குச் செய்யும் உதவி.

ஓட்டுபவர்களுக்கு

ஆட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். முன் பிரேக் எடையை முன்சக்கரத்தில் கொட்டி வொபிளை வளர்க்கும். இப்போது 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர இந்த ஆட்டத்தைத் தடுக்காது. ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள், சட்டென்று விடாதீர்கள். முழங்கால்களால் டாங்கை இறுக்குங்கள். உடம்பை முன்னே தாழ்த்துங்கள். ஹேண்டிலைப் பிடித்திருங்கள், ஆனால் அதை எதிர்த்துத் திருப்பாதீர்கள். வேகம் குறையக் குறைய வண்டி தானே அடங்கும்.

பக்கக் காற்றுக்கு வேறு வழி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கைப்பிடியை மென்மையாக முன்னே தள்ளுங்கள். இடப்பக்கக் காற்றுக்கு இடது கைப்பிடி. வண்டி காற்றின் பக்கம் சாய்ந்து நிற்கும். கேட்க முரணாகத் தோன்றினாலும், இரண்டு சக்கர வண்டியைச் சாய்க்க முக்கியமான வழி, கணநேரம் எதிர்ப்பக்கம் திருப்புவதுதான். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். தாங்கள் செய்வதைச் சரியாகச் சொன்னவர்கள் கிடைக்கவில்லை. கை அறிந்ததை மனமும் அறிந்துகொண்டால் நெருக்கடியில் தப்புக் குறையும். காலியான மைதானத்தில் மெதுவான வேகத்தில் பழகிப் பாருங்கள்.

காவல்கிணறு வந்ததும் வேகத்தை 50, 60க்குக் கொண்டுவாருங்கள். தடத்தின் நடுவில் போங்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் கொஞ்சம் இடம் இருக்கும். லாரிக்குப் பக்கத்தில் இணையாகப் போகாதீர்கள். மழைக்கோட்டைப் பொத்தான் போட்டு இறுக்குங்கள். ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள ஹெல்மெட்டைப் பட்டையை மாட்டி அணியுங்கள். காற்று தாங்க முடியாமல் அடிக்கிறதென்றால் ஒரு சாயாக்கடையில் ஒதுங்குங்கள். அரைமணி நேரம் தாமதமாக வீடு போய்ச் சேர்ந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

காற்றை அறிவிக்கலாம்

கடைசியாக அரசுக்கும் நமக்கும் பொதுவான ஒரு செய்தி. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலையே கடலுக்குக் கொடுத்த நாடு கற்றுக்கொண்ட பாடம் அது. ஜப்பானின் விரைவுச் சாலைகளில் காற்றின் திசையையும் பலத்தையும் காட்டும் துணிக்குழாய்களைக் கம்பத்தில் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

நம் சாலையோரக் காற்றாலைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. காற்று வினாடிக்கு 25 மீட்டர் அளவை எட்டினால் பெரும்பாலான காற்றாலைகள் தாமாகவே நின்று தம்மைக் காத்துக்கொள்ளும். அந்த இயந்திரத்துக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அதன் காலடியில் போகும் மனிதனுக்கும் கிடைக்கவேண்டும். ஆரல்வாய்மொழியிலும் காவல்கிணறு சந்திப்பிலும், காற்றின் அப்போதைய வேகத்தையும் திசையையும் எரியும் எழுத்தில் காட்டும் பலகை ஒவ்வொன்று வேண்டும். கருவி இருக்கிறது, மின்சாரமும் அங்கேயே பிறக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நாம் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கேட்போம். பலகை வரும்வரை மாணவர்கள் ஆனி ஆடி மாதங்களில் பெட்ரோல் பங்குகளில் நின்று, குமரிக்கு வரும் வெளியூர் வண்டிக்காரர்களிடம் இந்தக் காற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம்.

இந்தக் காற்று நமக்கு மழை கொண்டுவருகிறது, மின்சாரம் தருகிறது. அதன்மேல் நமக்குக் குறை ஒன்றுமில்லை. அதன் குணம் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். தெரிந்தும் வண்டியைப் பார்க்காமல், பாரத்தைச் சரியாகக் கட்டாமல், வேகத்தைக் குறைக்காமல் ஒருவர் போய்விட்டால் அந்தக் குற்றத்தைக் காற்றின் தலையில் ஏற்ற முடியாது. நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து டயரைப் பாருங்கள், ஹேண்டிலை ஆட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.